நாலரைக்குள் கப்பலுக்கு

என் மாமா ரிக்‌ஷா ஓட்டிய காலத்தில் கப்பலில் வருகிறவனை 'தொரை' என்போம். பிலிப்பைன்ஸ்காரன், கப்பல் சமையற்கட்டில் தட்டு கழுவுகிறவன் என்றாலும் தொரைதான். கப்பலை விட்டு இறங்கியிருக்க வேண்டும், பையில் வெளியூர்க் காசு இருக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் திரும்பியாக வேண்டும். இந்த மூன்றும் போதும். ஐம்பது வருஷம் கழித்து அக்கா மகன் இதே மூன்று தகுதியோடு திருகோணமலையில் போய் இறங்குவான் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், "இன்னாடா, காத்தாலயே ஊத்திக்கினியா?" என்று கேட்டிருப்பார்.

மாமாவுக்கு முதலில் கைரிக்‌ஷா. எழுபதுகளின் தொடக்கத்தில் கலைஞர் ஆட்சி அதை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தபோது மாமாவுக்கும் ஒன்று கிடைத்தது. புளியந்தோப்பில் ஆடுதொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. விடியற்காலையில் கிளம்பி பீச் ஸ்டேஷன் பக்கம் போய் துறைமுக வாசலைப் பார்த்தபடி நிற்பார். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போவேன். எனக்கு வேலை, தொரை கடைக்குள் போயிருக்கும் நேரத்தில் வண்டியைப் பார்த்துக்கொள்வது. சம்பளம் ஒரு டீ, ஒரு பொறை.

தொரை ஏறி உட்கார்ந்ததும் மாமா கேட்கும் முதல் கேள்வி, "ஷிப் வாட் டைம்?" அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அதுதான். நாலு மணி நேரம் இருக்கிறது என்றால் பர்மா பஜார், மூர் மார்க்கெட், திரும்பக் கப்பல். ஆறு மணி நேரம் என்றால் எழும்பூர் மியூசியத்தையும் சேர்த்துக்கொள்வார். ராயபுரம் ஸ்டேஷன் 1856-லேயே ரயில் ஓடிய இடம், தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன் என்பதெல்லாம் எனக்கே பின்னால் படித்துத் தெரிந்ததுதான். மாமாவைப் பொறுத்தவரை அங்கே பார்க்கவும் ஒன்றுமில்லை, கமிஷன் கொடுக்கக் கடையும் இல்லை.

பர்மா பஜார் விஷயம்தான் வேடிக்கை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பிழைக்க 1969-ல் போட்டுக் கொடுத்த கடைகள். அங்கே விற்ற டிரான்சிஸ்டர், சென்ட்டு, பேனா எல்லாம் இந்த மாதிரிக் கப்பல்காரர்கள் கையிலிருந்து வந்த சரக்கு. "தொர வித்ததையே தொரைக்கு வாங்கிக் குடுப்பேன்டா, அதான் தொயிலு" என்பார் மாமா. பழக்கமான கடை ஒன்று உண்டு. அங்கே போனதும் மாமா வெளியே நின்று வேறு பக்கம் பார்ப்பார். தொரை வெளியே வந்த பிறகு, ஏதோ மறந்துவிட்டது போல உள்ளே ஒரு நடை போய்விட்டு வருவார். அந்த நடைக்குத்தான் கமிஷன் என்று பேர்.

மூர் மார்க்கெட்டில் கிளி, ஆமை, கிராமபோன் தட்டு, பழைய புத்தகம் எல்லாம் கிடைக்கும். ஒரு தொரை பச்சைக்கிளி வாங்கினான். துறைமுக வாசல் வந்ததும் அதை உள்ளே விடமாட்டார்கள் என்று புத்தி வந்து, கூண்டோடு மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்பது வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது. என்ன பாஷை பேசப் போகிறதோ என்று தெருவே காத்திருந்தது. அத்தை மாமாவைத் திட்டும் வார்த்தைகளை மட்டும் கற்றுக்கொண்டது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது கிளியும் இல்லை, கப்பல்காரர்களும் குறைந்துவிட்டார்கள். சரக்கெல்லாம் கன்டெய்னரில் வர ஆரம்பித்து, வாரக்கணக்கில் நின்ற கப்பல்கள் ஓரிரு நாளில் திரும்பத் தொடங்கின. எவன் இறங்கி ஊர் சுற்றுவான்?

ஒரே ஒரு தொரை, "யுவர் ஹவுஸ்?" என்று கேட்டான். மாமாவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மிதித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தை டம்ளரில் டீ கொடுத்தாள். தெரு முழுக்க வாசலில். எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தான். கப்பல் அடுத்த துறைமுகம் போனதும் அனுப்புகிறேன் என்று விலாசத்தையும் எழுதிக்கொண்டான். தபால்காரரை மாமா ஒரு வருஷம் வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் காலம் அது. இப்போதைய கதைக்கு வருகிறேன்.

நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவன். நான் பூர்த்தி செய்த பில் ஆஃப் லேடிங்கில் எத்தனையோ கன்டெய்னர்கள் கடல் தாண்டியிருக்கின்றன. நான் தாண்டியதில்லை. புது வருஷ ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களெல்லாம் சேர்ந்து ஊதும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் மொட்டைமாடி வரைக்கும் கேட்கும். கப்பலுக்கும் எனக்கும் உறவு அவ்வளவுதான்.

துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வருமென்று யாரும் நினைத்திருக்கவும் முடியாது. ராயபுரத்தில் கொடியில் காயப்போட்ட வேட்டி கறுத்துப்போகும் அளவுக்கு நிலக்கரித் தூசி பறந்த இடம். நீதிமன்றம் தலையிட்டு 2011-ல் கரியையும் இரும்புத்தாதுவையும் இங்கிருந்து கிளப்பியது. கரி எங்கே போயிற்று என்றால் எண்ணூருக்கு. அங்கேயும் கொடியில் துணி காயப்போடுகிறார்கள் என்பது வேறு விஷயம். கரி போன இடத்துக்குப் பயணிகள் வந்தார்கள். 17.21 கோடி ரூபாயில் முனையம் எழுந்தது. 2022 ஜூனில் 'எம்ப்ரஸ்' கிளம்பியது. உள்ளே சூதாட்ட விடுதி இருக்கிறது என்று புதுச்சேரி அந்தக் கப்பலைத் தன் பக்கம் அண்ட விடவில்லை. 2023 ஜூன் 5-ந் தேதி இலங்கைக்குப் பயணம் தொடங்கி வைத்தார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. 1990-ல் பிரான்சில் கட்டி, கரீபியன் பக்கம் ஓடித் தேய்ந்து, கைமாறி இங்கே வந்த கப்பல். மூர் மார்க்கெட் எரிந்தாலும் செகண்ட் ஹேண்ட் சாமானுக்கு நம் ஊரில் மவுசு போகவில்லை.

மகள்தான் டிக்கெட் போட்டாள். வீட்டிலிருந்து டாக்ஸியில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "ஹார்பர்ல வேலையா சார்?" என்றார். "இல்லப்பா, டூர்" என்றேன். மறுபடி ஒருமுறை கண்ணாடியில் பார்த்தார்.

கப்பல் அலைத்தடுப்பைத் தாண்டும்போது எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். எனக்கு எம்டன் ஞாபகம் வந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து, அரை மணி நேரம்கூட நிற்காமல், நூற்றுக்கு மேல் குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் க்ரூஸர். சென்னை கண்டதிலேயே குட்டையான க்ரூஸ் நிறுத்தம் அதுவாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் அது டியேகோ கார்சியா தீவில் நின்றது. யுத்தம் தொடங்கிய சேதியே அந்தத் தீவுக்கு வந்து சேரவில்லை. ஜெர்மன்காரர்கள் வாயைத் திறக்காமல் கரி ஏற்றிக்கொண்டு, தீவு மேலாளரின் மோட்டார் படகையும் பழுதுபார்த்துக் கொடுத்து, மரியாதையாக விடைபெற்றார்கள். நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவு. கடலடித் தந்திக் கம்பியை அறுக்க ஐம்பது பேரை இறக்கினார்கள். இறங்கியவர்கள் திரும்புவதற்குள் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' வந்துவிட்டது. எம்டன் அவர்களைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பி, அடி வாங்கி, பவளப்பாறையில் ஏறி முடிந்தது. விடப்பட்டவர்கள் ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துத் தப்பினார்கள். திருகோணமலையில் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதற்கு இதுதான் காரணம். நாலரைக்குள் கப்பலுக்கு.

மகளின் போனில் 'திருகோணமலையில் ஆறு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை' பத்து இருந்தன. புறாத்தீவில் மீன்களோடு நீந்துவது, நிலாவெளியில் வெயில் காய்வது. வெயில் காயக் காசு கொடுத்துக் கடல் தாண்டி வருவது பற்றி என் மனைவிக்குச் சில கருத்துகள் இருந்தன. அவற்றை மகள் கேட்டுக்கொள்ளவில்லை. மகளும் மருமகனும் கடற்கரைக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் பேத்தியும் ஒரு ஓட்டோ பிடித்தோம். அந்த ஊரில் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று கியூஆர் காட்டித்தான் பெட்ரோல் போட முடிந்த நேரம் அது.

ஏறி உட்கார்ந்ததும் ஓட்டோக்காரர் கேட்டார்: "ஐயா, எத்தினை மணிக்குக் கப்பலுக்குப் போகவேணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே கேள்வி, அதே வரிசையில். பதிலைச் சொன்னதும் அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, நடுவில் ஒரு கடை. கடை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை.

பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் தெருநாய் மாதிரி நடமாடின. பேத்தி பிஸ்கட் கொடுத்தாள். கோட்டைக்குள்ளே, கடலை ஒட்டிய பாறை உச்சியில் கோணேசர். சம்பந்தர் பதிகம் பாடிய தலம். போர்த்துக்கீசியர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் எடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள். இப்போதிருப்பது பின்னாளில் எழுப்பியது. பக்கத்தில் பாறை செங்குத்தாகப் பிளந்து கடலுக்குள் இறங்குகிறது. இராவணன் வெட்டு என்கிறார்கள். மனைவி குனிந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தாள்.

இறங்கி வரும்போது ஓட்டோக்காரர் கேட்டார்: "ஐயா, சென்னையில எவடம்?"

"வடசென்னை. சொன்னா தெரியாது."

"சொல்லுங்கோவன்."

"புளியந்தோப்பு."

வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "பேசின் பிரிட்ஜுக்கு அங்கால. ஆடு வெட்டுற இடம் இருக்குது. சரியோ?"

1990-ல் சண்டை மூண்டபோது அவருக்கு ஏழு வயது. மன்னார் வந்து, படகேறி, மண்டபம் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி முகாம். அப்பா பெயின்ட் அடிக்கிற வேலைக்கு ராயபுரம், தண்டையார்பேட்டை எல்லாம் வருவாராம். பள்ளிக்கூட லீவில் இவரையும் டப்பா பிடிக்கக் கூட்டி வருவாராம். லோக்கல் ரயில் பேசின் பிரிட்ஜ் வெளியில் நின்றுவிட்டால் அப்பாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். "பின்னேரம் ஆறு மணிக்குள்ள காம்புக்குத் திரும்பவேணும் ஐயா. பிந்தினா விசாரணை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

"எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"ஒரு கிழமைக்கெண்டுதான் வந்தனாங்கள்" என்றார். "பதின்மூண்டு வருஷம்."

கன்னியாவில் ஏழு சின்னக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியது என்பது கதை. ஜூன் மாத வெயிலில் வெந்நீர்க் குளியல். என் மனைவிக்கு இதைப் பற்றியும் கருத்து இருந்தது. ஆனால் ஏழிலும் குளித்தாள்.

பிறகு கடை. பத்திக் சேலை, முந்திரி, தேயிலை. அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரைக்கு மேல் வந்தது, அதனால் எதை வாங்கினாலும் லாபம் போலவே இருந்தது. ஓட்டோக்காரர் வெளியே நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பையோடு வெளியே வந்ததும், "ஒரு நிமிஷம் ஐயா" என்று உள்ளே ஒரு நடை போய்விட்டு வந்தார். ஐம்பது வருஷம் கழித்து மாமாவின் நடையைப் பார்த்தேன். வேண்டுமென்றே திரும்பிப் போய் இன்னும் கால் கிலோ முந்திரி வாங்கினேன்.

அவர் வீடு வழியில்தான் இருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அந்த அம்மாள் பிளேன்டீ கொடுத்து, சேத்துப்பட்டு, செங்குன்றம் என்று எங்கள் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பக்கமெல்லாம் இப்போது எப்படி இருக்கிறது என்றார். பாலம் வந்திருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பேத்தி படம் எடுத்தாள். "அனுப்புறேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடத்திலேயே நம்பர் வாங்கி, கப்பலுக்குத் திரும்பும் வழியிலேயே மகளைப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மாமாவின் தபால்காரருக்காக.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கெல்லாம் கப்பலில் இருந்தோம்.

அந்த வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் ஊர் மழைக்குத் தீவாவது புதிதில்லை. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், ஒரு பக்கம் ஓட்டேரி நல்லா, மிச்சத்துக்கு ரயில் தண்டவாளம். கணேசபுரம் சுரங்கப்பாதை மாமா ரிக்‌ஷா ஓட்டிய காலத்தில் நாலு தூறலுக்கு முழுகும். இப்போது அதற்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள். மோட்டாரும் சேர்ந்து முழுகுகிறது. இந்தத் தடவை கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் மாடியில் இருந்தார்கள். கரன்ட் இல்லை. மூன்றாம் நாள் போனில் கொஞ்சம் சிக்னல் வந்தபோது திருகோணமலையிலிருந்து செய்தி: "ஐயா, உங்கட பக்கம் தண்ணி எண்டு டிவியில சொல்லுறாங்கள். பத்திரமோ?"

அன்றைக்கு மத்தியானம் தெருவுக்குள் ரப்பர் படகு ஒன்று வந்தது. ஆறேழு பேர், எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. ரொட்டிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் மாடிக்குத் தூக்கிப் போட்டார்கள். ஒருவர் எங்கள் பால்கனியைப் பார்த்துக் கையசைக்கச் சொல்லி வீடியோ எடுத்தார். அத்தனை பேரும் அசைத்தோம். பத்து நிமிஷத்தில் படகு திரும்பியது.

பேத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு அது முனை திரும்பும் வரை பார்த்தாள்.

"தாத்தா, அவங்க எத்தன மணிக்குள்ள கப்பலுக்குப் போவணும்?"