செப்டிக் டேங்க் வாய் திறக்க மறுக்கிறது

கீரனூர்,
பழனி வட்டம்.

மதிப்பிற்குரிய அலுவலர் ஐயா,

என் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று கொடுத்த மனுவுக்குத் தங்கள் பதில் வந்தது. கிணறு தனியார் சொத்தாம். மாசுபடுத்தியவர் யாரென்று மனுதாரரே தக்க ஆதாரத்துடன் நிரூபித்தால் பரிசீலிப்பீர்களாம். உத்தரவு. விசாரணையைத் தொடங்கிவிட்டேன்.

முதல் சந்தேக நபர், மேட்டுத் தெரு செப்டிக் டேங்க். கட்டிய நாள்முதல் லாரி வந்து உறிஞ்சியதே இல்லை. இத்தனை வருடச் சரக்கையும் எங்கே அனுப்பினாய் என்று கேட்டேன். வாய் திறக்கவில்லை. திறக்காதவரை தெருவுக்கு நல்லது என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. அடுத்தவர், எங்கள் வீட்டு எருக்குழி. சொந்தம் என்று சலுகை காட்டவில்லை. பிறகு தோப்புகளுக்குப் போடும் யூரியா. கடைசியாகப் பாறை. அது ஃபுளோரைடு தரும், நாற்றம் தராது, விடுவித்துவிட்டேன்.

ஆய்வகம் கொடுத்த பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் கட்டிக்குள் வைத்து, பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். கிருமிப் பரிசோதனைக்கு ஒரு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். மீன் நாறுகிறதா என்று கண்டக்டர் மோந்து பார்த்தார். முடிவு: நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாத மலக்கிருமியும் இருக்கிறது. யூரியா மூட்டையிலிருந்து மலக்கிருமி வராது. ஆக, மிச்சம் டேங்கும் குழியும்தான். இரண்டில் எது என்று ரிப்போர்ட் பெயர் சொல்லாது. மேட்டுக் கிணறுகளிலும் பள்ளத்துக் கிணறுகளிலும் மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். அடுத்தவன் கிணற்றில் நான் வாளி விட்டால் ஆதாரம் வருமுன் அரிவாள் வரும்.

கிணறு கெடுவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல, ஐயா. தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களைச் சுற்றிய ஒரு தன்னார்வ அமைப்பு, 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று கண்டதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். கெடுதல் இல்லை என்று நிரூபிப்பதும் தொழில் நடத்துபவர் பொறுப்பு என்றார்கள். ஆலைக்குச் சொன்னது செப்டிக் டேங்குக்குப் பொருந்தாது என்பீர்கள். பொருந்தாமல் போகட்டும். ஆலை முதலாளி சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு வாளிக்காரன் தலையில் ஏற்றுவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கிணறு எனக்குச் சொந்தம்தான், மறுக்கவில்லை. அடியில் ஓடும் ஊற்று பட்டா பார்த்து ஓடுவதில்லை. இன்று என் கிணற்றில் இருப்பது நாளை பள்ளத் தெருக் குழந்தைகளின் டம்ளரில் இருக்கும்.

ஆகவே, மாதிரி எடுக்க அதிகாரம் உள்ள ஒருவரைத் தயவுசெய்து கீரனூருக்கு அனுப்புங்கள். ஐஸ் கட்டி என் செலவு.

இப்படிக்கு,
தங்கள் சம்பளமில்லாத துப்பறிவாளர்