பாக்கெட்டைத் திருப்புங்கள்!

கேள்வி: எல்லாப் பாக்கெட்டிலும் 'ஆர்கானிக்' என்கிறார்கள். எந்தக் கம்பெனியை நம்புவது?
- வாசகி, ஈரோடு

பதில்: முன்பக்கத்துப் பச்சை வயலும் சிரிக்கும் விவசாயியும் அச்சகத்தில் விளைந்தவை. பின்பக்கம் திருப்புங்கள். அரசின் 'ஜைவிக் பாரத்' முத்திரையும், என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். எனப்படும் ஆர்கானிக் சான்றும் வேண்டும். 'நேச்சுரல்', 'பாட்டி கைப்பக்குவம்' எதுவும் அதற்கு ஈடாகாது. நெல் விளையும் நிலம் சான்று பெறவே பொதுவாக 2 ஆண்டுகள் ரசாயனம் படாமல் இருக்க வேண்டும். அத்தனை பொறுத்த விவசாயிக்குத்தான் நம் கூடுதல் காசு போய்ச் சேரவேண்டும். அதனால் கம்பெனிக்கு போன் போட்டு, "இந்த பேட்ச் எந்த ஊரில் விளைந்தது, பூச்சிமருந்துப் பரிசோதனை அறிக்கை உண்டா?" என்று கேளுங்கள். உடனே அனுப்புகிறவர்களிடம் தயங்காமல் வாங்கலாம். மழுப்பினால் வேறு கடை. சந்தையில் நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு 2017 ஆர்கானிக் உணவு விதிகளிலேயே சான்றிலிருந்து விலக்கு உண்டு. அவரிடம் முத்திரையைத் தேடாதீர்கள், தோட்டத்துக்கு வரலாமா என்று கேளுங்கள்.