சட்டம் பயின்ற தாய்

கேள்வி: கைக்குழந்தையோடு சட்டக் கல்வியைத் தொடங்கும் பெண்ணுக்கு அத்துறையில் உயர்வு கிட்டுமா?

பதில்: தலைமை நீதிபதியின் இருக்கை வரை கிட்டும் என்பதற்கு லீலா சேத் சான்று. 1950களில் கணவருடன் லண்டனில் வாழ்ந்தபோது, வகுப்பு வருகையில் கண்டிப்புக் காட்டாத படிப்பு என்பதாலேயே சட்டத்தைத் தேர்ந்த அந்த இளந்தாய், 1958இல் 'பார்' தேர்வில், அதாவது இங்கிலாந்தில் வழக்கறிஞராவதற்குரிய இறுதித் தேர்வில், முதலிடம் பெற்றார். கைக்குழந்தையுடன் அவர் இருந்த படத்தை வெளியிட்ட லண்டன் நாளிதழ் ஒன்று 'மதர் இன் லா' என்று குறிப்பிட்டது. மாமியாரைக் குறிக்கும் அச்சொல்லைப் பிரித்துப் படித்தால் 'சட்டத்துறையில் தாய்' எனப் பொருள்படுவதே அதன் நயம். மருமகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே 'மாமியார்' ஆன அவர், 1978இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானதோடு, 1991இல் இமாச்சலப் பிரதேசத்தில், மாநில உயர் நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதியான முதல் இந்தியப் பெண்ணாகவும் பொறுப்பேற்றார்.