நெல்லுக்கு நான்கு விலாசம்

உலகத்து அறிவையெல்லாம் பத்தே வகுப்புகளில் அடக்கிவிடலாம் என்று 1876-இல் முடிவு கட்டினார் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி. வகுப்புகளுக்கு எண் கொடுத்து நூல்களை அடுக்கும் அந்த முறையின் பலனை, நெல்லைப் பற்றி ஆராய வருகிறவர் இன்றைக்கும் அனுபவிக்கிறார். நெல் சாகுபடி 633-இல். சோறு வடிப்பது 641-இல். விளைச்சலின் பொருளாதாரம் 338-இல். நெல் பற்றிய நாட்டார் கதை 398-இல். வயலிலிருந்து இலைக்கு வருவதற்குள் நெல்லே இவ்வளவு அலைவதில்லை.

சமயத்துக்கு ஒதுக்கிய 200களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு. இந்து, பௌத்தம், சமணம், இஸ்லாம், யூதம் எல்லாம் 290களில் ஒண்டுக்குடித்தனம். சோதிடம் 133-இல் அமர்ந்து, 150-இல் இருக்கும் உளவியலை எட்டிப் பார்க்கிறது. பறக்கும் தட்டுக்கும் கணினிக்கும் இடையே மூன்றே எண் தூரம்தான்: 001, 004.

சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரே நூலின் பல முகங்களையும் அதன் குறியீடு காட்டும். உலகம் பாராட்டியது, பாராட்டிவிட்டு டூயியையே வைத்துக்கொண்டது.

ஆகவே ஆய்வாளர்களே, நூலகப் பட்டியலின் தேடுபெட்டியில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, ‘நூல் இல்லை’ என்று எழுந்துவிடாதீர்கள். கிடைத்த ஒரு நூலின் பதிவில் உள்ள பொருள் தலைப்பைச் சொடுக்குங்கள். துறைகள் சண்டை போட்டாலும் நூல்கள் அங்கே ஒன்றாகத்தான் இருக்கும்.