11 ஜிபி காதுகுத்தை மெயிலில் அனுப்புவது எப்படி?

தேவையானவை: மூன்று மணி நேரம் ஓடும் காதணி விழா வீடியோ ஒன்று. வெளிநாட்டில் அத்தை ஒருவர். "மெயில்ல தட்டி விடு மாப்ள, என்னமோ மலையப் பேக்குற மாதிரி பேசுற" என்று சொல்ல அத்தை மகன் ஒருவர். பொறுமை, தேவையான அளவு.

எங்கள் வீட்டுச் சரக்கின் விவரம் இது. சமயநல்லூரில் தண்டவாளத்தை ஒட்டிய மண்டபம். தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக என் மகன். ஆசாரி காதில் ஊசியை வைக்கிற நொடியில் வைகை எக்ஸ்பிரஸ் கடக்கிறது. திரையில் பையனின் வாய் பிளந்திருக்கிறது, சத்தம் மட்டும் ரயிலுடையது. அதன்பிறகு மேடை, மொய், பந்தி, எல்லோர் தலைக்கும் மேலே ஹெலிகேம். ஆக மொத்தம் 11 ஜிபி. அத்தை இருப்பது நியூஜெர்சியில்.

படி 1: பேப்பர் கிளிப் படத்தை அழுத்துங்கள். அழுத்திவிட்டுக் கலங்காதீர்கள். ஜிமெயிலில் ஒரு கடிதத்தின் எல்லை 25 எம்பி. அதிலும் முழுசாக 25 கிடைக்காது. மெயில் என்பது எழுத்தைச் சுமப்பதற்குப் பிறந்தது. படமோ பாட்டோ போக வேண்டுமானால் எழுத்து வேஷம் கட்டித்தான் போக வேண்டும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்பது கணக்கு. தாம்பூலப் பை கொடுத்தால் பைக்கும் சேர்த்து எடை போடுவது போல. கடைசியில் உங்கள் வீடியோவுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 18 எம்பி.

இந்த வேஷத்துக்கு இலக்கணம் வகுத்த இருவரில் ஒருவர் நத்தானியல் போரன்ஸ்டீன். 1992 மார்ச் 11 அன்று அவர் அனுப்பிய முதல் இணைப்பில் இருந்தது என்ன தெரியுமா? அவரும் கூட்டாளிகள் மூவரும் நின்று பாடும் படமும், அந்தப் பாட்டும். எதற்கு இத்தனை மெனக்கெடுகிறாய் என்று கேட்டவர்களிடம், நாளைக்குப் பேரப்பிள்ளைகளின் படம் மெயிலில் வர வேண்டாமா என்றாராம். ஆக இது பிறந்ததே வீட்டு விசேஷத்துக்காகத்தான். பேரப்பிள்ளைக்கு ஹெலிகேம் வைப்பார்கள் என்று மட்டும் அவர் நினைத்திருக்க மாட்டார்.

படி 2: ஜிப் செய்யுங்கள். தெருவில் ஒருவராவது இதைச் சொல்வார், செய்து முடித்தால்தான் வாயை மூடுவார். 11 ஜிபி, ஜிப் ஆனபிறகும் 11 ஜிபியாகவே நிற்கும். வீடியோ என்பது ஏற்கெனவே பிழிந்த கரும்பு. சக்கையை மறுபடி மிஷினில் விட்டால் சத்தம் வரும், சாறு வராது.

படி 3: துண்டு போடுங்கள். அதற்கென்றே இலவச மென்பொருள்கள் உண்டு. 18 எம்பி வீதம் 612 துண்டு. ஜிமெயில் ஒரு நாளைக்கு 500 மெயிலுக்கு மேல் விடாது என்பதால் மிச்சத்தை மறுநாள் அனுப்ப வேண்டும். எழுத்து வேஷத்தில் 11 ஜிபி வீங்கி 14.7 ஜிபி ஆகும். இலவசப் பெட்டியின் மொத்தக் கொள்ளளவே 15. அத்தை மகன் பெட்டி நிரம்பும், 'அனுப்பியவை'யில் ஒரு பிரதி தங்குவதால் உங்கள் பெட்டியும் நிரம்பும். 612-இல் ஒன்று தவறினாலும் வீடியோ ஓடாது. தவறுவது பெரும்பாலும் 347-ஆவதாக இருக்கும், அது தவறியது யாருக்கும் தெரியாது.

படி 4: சுருக்குங்கள். வீடியோவைச் சுருக்கும் வித்தை எளியது: முந்தைய பிம்பத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள். மேடையில் பையன் பொம்மை போல உட்கார்ந்திருக்க, ஆட்கள் மட்டும் வந்து போகும் காட்சி அதற்கு அல்வா. ஜிகினாப் பேப்பர் தூவும் மிஷினை யாராவது இயக்கிவிட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு துணுக்கும் ஒரு மாற்றம், படம் கட்டம் கட்டமாகச் சிதறும். மூன்று மணி நேரத்தை 18 எம்பிக்குள் திணித்தால் நொடிக்குக் கிடைப்பது 13 கிலோபிட். 2ஜி காலத்துச் செல்போனில் ஒரு ஆளின் குரல் போக ஒதுக்கியதே அவ்வளவுதான். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: வெட்டுங்கள். "பந்திய வெட்டிரலாம், திங்கிறத யாரு பாக்கப் போறா?" என்றேன். சித்தப்பா நிமிர்ந்தார். "பாயாசம் ஊத்துனது யாரு? நானு. என்னைய வெட்டிட்டு அனுப்புறியா?" சரி, மொய் எழுதும் இடம்? "அதுல என் சம்பந்தி நிக்கிறாரு." ஹெலிகேம்? "பத்தாயிரம் குடுத்துருக்கு." கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாததை நீக்கிச் சுருக்குகிறது. குடும்பத்தில் யார் கண்ணுக்கும் தெரியாத காட்சி என்று ஒன்று கிடையாது. காதுகுத்து வீடியோவை நாம் சினிமா என்று நினைப்பதுதான் பிழை. அது இரண்டாவது மொய் நோட்டு. நோட்டில் பக்கத்தைக் கிழிக்க முடியுமா?

படி 6: லிங்க் அனுப்புங்கள். உண்மையில் சரியான வழி இதுதான், அதனால்தான் ஆறாவதாக வைத்திருக்கிறேன். டிரைவில் ஏற்ற, நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். நாலே முக்கால் மணி நேரத்தில் கரண்டு போகும். ஏறிவிட்டால் அனுமதிப் பிரச்சினை. லிங்க்கைத் தொட்டவரெல்லாம் அனுமதி கேட்டு மெயில் போடுவார்கள். முகவரியைப் பார்த்து, கேட்பது பெரிய மாமனாரா சின்ன மாமனாரா என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து இரண்டாம் முறை அழைக்க வேண்டும். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டாலோ, அரை மணி நேரத்தில் அது பத்திரிகை வைக்காத பங்காளி வீட்டு டிவியில் ஓடும்.

படி 7: பென் டிரைவ். சிரிக்காதீர்கள். 2009-இல் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிபி கார்டைக் கட்டி டர்பனுக்குப் பறக்கவிட்டார்கள். புறா வந்து, கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்க இரண்டு மணி நேரம் சொச்சம். அதற்குள் இன்டர்நெட் அனுப்பியிருந்தது 4 சதவீதம். நம் ஊரில் அரப்பாளையம் பஸ் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் 11 ஜிபி போய்ச் சேர்ந்தால், நொடிக்கு 33 மெகாபிட். நடுவில் பரவையில் காய்கறி மூட்டை ஏறினாலும் வேகம் குறைவதில்லை.

அரப்பாளையத்தில் இருந்து அடுத்த வாரம் அமெரிக்கா போகிறவரைப் பிடித்தோம். 32 ஜிபி பென் டிரைவ், இடம் இல்லை என்றது. பழைய முறையில் ஃபார்மேட் ஆன டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏற்கும். மாற்றினேன். அதில் ஏற்கெனவே இருந்தது எங்கள் கல்யாண வீடியோ என்பதை என் மனைவிதான் பிறகு சொன்னாள். பத்து நாளாக அதை மட்டும்தான் சொல்கிறாள்.

படி 8: போனை அப்பத்தாவிடம் கொடுங்கள். சனிக்கிழமை ராத்திரி அத்தை கூப்பிட்டார். "இன்னும் வரலையாத்தா?" "அது கெடக்கட்டும், நாஞ் சொல்றேன் கேளு" என்று திண்ணையில் சாய்ந்தார் அப்பத்தா. யார் முதலில் வந்தது, யார் முறுக்கிக்கொண்டு மண்டப வாசலிலேயே நின்றது, தாய்மாமன் போட்ட தோடு எத்தனை கிராம், சித்தப்பா ஊற்றிய பாயாசத்தில் முந்திரி யார் இலைக்குப் போனது. எதையும் வெட்டவில்லை. மூன்று மணி நேரம். நொடிக்கு 13 கிலோபிட் போதும்.

ஆசாரி ஊசி வைத்த இடம் வந்ததும் அப்பத்தா நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பையன் எப்படிக் கத்தினான் என்று அப்படியே கத்திக் காட்டினார். தெரு நாய் குரைத்தது, நியூஜெர்சியில் அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அழுகை 11 ஜிபியில் எங்குமே இல்லை.