இரண்டு கிழமை ஊழியம்

கேள்வி: எங்கள் தேவாலய இளையோர் குழு இரண்டு கிழமை ஊழியப் பயணமாக யாழ்ப்பாணம் போகிறது. அவ்வளவு குறுகிய காலத்தில் என்ன சேவை செய்துவிட முடியும்?
– ஒரு வாசகி, பிக்கரிங்

பதில்: ஊர்ச் சனங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். சேவை அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, பின்னாளில் தமிழிலேயே பாடம் நடத்தினார். 1873இல் அவர் நாடு திரும்பினார். அவர் பயிற்றுவித்த 60க்கும் மேற்பட்ட மருத்துவர்களால் வைத்தியம் ஊரிலேயே தங்கிவிட்டது.

கிறீனின் காலம் உங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்காது. அவருடைய வழி வாய்க்கும். எது தேவை என்பதை உள்ளூர்ச் சபை சொல்லட்டும். பள்ளிச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கும் வேலையை ஊர்த் தொழிலாளிக்கே கொடுங்கள்: சுவரும் பளிச்சிடும், அவர் வீட்டு அடுப்பும் எரியும். பிள்ளைகள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலத்தையோ கணினியையோ அங்குள்ள ஆசிரியர்களோடு சேர்ந்து கற்பிக்கட்டும். திரும்பி வந்தபின் இணையவழியில் வாராவாரம் தொடரட்டும். இரண்டு கிழமை இரண்டு வருடமாகும்.

புறப்படுமுன் ஒரு பயிற்சி: பிக்கரிங்கில் தனியாக வாழும் ஓர் அம்மம்மாவின் வாசல் பனியை அள்ளிவிட்டு, அவரோடு இருந்து தமிழில் கதைக்கட்டும். விமானச் சீட்டுத் தேவைப்படாத ஊழியம் அது. யாழ்ப்பாணத்தில் பேச வேண்டிய தமிழும் அந்த வீட்டிலேயே கிடைத்துவிடும்.