ஒண்ணும் ஆகாது

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போனாலும் சரி, திருமயம் போனாலும் சரி, சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை இருக்கும். வாசலில் செத்த பேட்டரிகள், உள்ளே அவர். பலகையில் ‘ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்’. ஊர் வைத்த பெயர் ‘ஒண்ணும் ஆகாது அண்ணன்’.

இப்போது அவரிடம் டேஷ் கேமரா நிறைய வருகிறது. தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பார்க்கப் போனவருக்கு, நிறுத்திவிட்டுப் போன காரின் கதவில் கோடு போட்டது காளையா, கூட வந்த பங்காளியா என்று தெரிந்தாக வேண்டுமே! வண்டி நிற்கும்போதும் கேமரா விழித்திருக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஃபியூஸ் பாக்ஸிலிருந்துதான் கரன்ட் எடுப்பார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தாளில் குறித்துக்கொண்டு வருவார்.

“தம்பி, 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கா?”

“மூணெல்லாம் பொசுக்குனு போயிரும் சார். இருபது போடுறேன். ஒண்ணும் ஆகாது.”

ஆம்பியர் அவருக்கு எண் இல்லை, நிறம். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சார் கேட்கும் ஊதா டப்பாவில் கிடையாது. மஞ்சள் இருக்கிறது, மங்களகரமும்கூட.

அலட்சியக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு இது மானப் பிரச்சினை. தான் போட்ட ஃபியூஸ் போய் வண்டி திரும்பி வந்தால் தலைகுனிவு. போவதற்கென்றே செய்த சாமான் அது என்று சார் விளக்குவார். “போறதுக்கு எதுக்கு சார் காசு குடுத்து வாங்கணும்?” சாருக்கே பதில் வராது. கேமரா இழுப்பது ஒரு ஆம்பியர் இருந்தால் அதிகம்; அதன் வயரோ மெல்லிசு. அது எங்காவது உரசி பாடியில் பட்டால் மஞ்சள் அசராது, வயர்தான் உருகும். ஃபியூஸ் காப்பது கேமராவை இல்லை, வயரை. ஆனால் நம்மவர் பயின்ற குருகுலம் அப்படி: அம்பாசிடரின் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றி ஊருக்கு அனுப்பிவைத்த பரம்பரை.

அளவு விஷயத்திலும் அவர் தாராளம். மினி, லோ புரொஃபைல், மைக்ரோ, போதாக்குறைக்கு மூன்று காலில் ஒன்று என்று கம்பெனிக்காரர்கள் என்னென்னவோ செய்து வைத்திருக்கிறார்கள். எதுவானாலும் இருக்கிற ஃபியூஸைப் பிடுங்கி, காலில் செம்புக் கம்பியைச் சுற்றி, மறுபடி சொருகிவிடுவார். சார் பையிலிருந்து ஃபியூஸ் டேப்பை எடுப்பார்: பழைய ஃபியூஸுக்கு ஒரு வீடு, புதியதற்கு ஒரு வீடு, பின்னால் ஒரு வயர். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தேளு மாதிரியில்ல இருக்கு!” என்று மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எந்த ஃபியூஸிலிருந்து எடுப்பது? டெஸ்ட் லாம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருபவரின் முகம் ஓரிடத்தில் மலரும்.

“இதுல எடுத்துக்கிருவோம் சார். வண்டி வாங்குனதுலேருந்து ஒருநாள்கூட வேலை செய்யாம சும்மாதான் கெடக்கு.”

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியில் அச்சடித்திருப்பதைப் படிப்பார். ஏர்பேக்.